உதவி: ஓட்ட ஓட்ட நேரம் கூடிக்கிட்டே போகுது – தினமும் ஓட்டும் காரில் முதல் கால் மைல்

வெள்ளை ஹேட்ச்:
வணக்கம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டுற அதே காரை எடுத்துக்கிட்டு, போன ஞாயிறு முதல் தடவையா டிராக் ரேஸ் (drag race, நேர்கோட்டில் கால் மைல் ஓடுற பந்தயம்) ஸ்டிரிப்புக்குப் போனேன். போட்டி இல்லை, யார் வேணும்னாலும் வந்து ஓட்டிப் பார்க்கிற நாள். 1.6 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, 5 கியர் மேனுவல், முன்சக்கரத்தில் ஓடுற வண்டி. எதையும் மாத்தலை, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கு.

மூணு தடவை ஓடினேன். பழகப் பழக நேரம் குறையும்னு நினைச்சேன், கூடிடுச்சு. ஓட்டம் முடிஞ்சதும் அச்சடிச்சுத் தர்ற டைம் சீட்டில் இருக்கிறதை அப்படியே தர்றேன்:

முதல் ஓட்டம்: ரியாக்‌ஷன் (பச்சை விளக்கு எரிஞ்சதிலிருந்து வண்டி நகர ஆன நேரம்) 0.94, முதல் 60 அடிக்கு 2.48, கால் மைல் 17.21 நொடி, முடிவில் வேகம் 131 கி.மீ.
இரண்டாவது: 0.88, 2.71, 17.58, 131 கி.மீ.
மூணாவது: 0.97, 2.83, 18.04, 127 கி.மீ.

மூணாவது ஓட்டம் முடிஞ்சு திரும்பி வரும்போது கருகின வாடை. இன்ஜின் போயிடுச்சோன்னு பயமா இருக்கு. வேலைக்குப் போக இதைத் தவிர வேற வண்டி இல்லை. எங்கே தப்பு பண்றேன்?

மூன்றாம் கியர்:
முதல்ல வாடையைப் பார்ப்போம் தம்பி. எண்ணெய் கருகின வாடையா, பிரேக் லைனிங் தேயுற மாதிரி காரமான வாடையா? இரண்டாவதா இருந்தா கிளட்ச். ஆளில்லாத நேரான சாலையில் நாலாவது கியரில் 40 கி.மீ.யில் போய் ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிங்க. ஆர்பிஎம் முள் வேகத்தோட சேர்ந்து மெதுவா ஏறினா கிளட்ச் நல்லா இருக்கு. முள் மட்டும் துள்ளி மேலே போய் வண்டி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம். கூலன்ட், ஆயில் மட்டத்தையும் இன்ஜின் ஆறினப்புறம் பாருங்க.

வெள்ளை ஹேட்ச்:
காரமான வாடைதான் அண்ணா. நீங்க சொன்னபடி ஓட்டிப் பார்த்தேன், முள் துள்ளலை. ஆயில், கூலன்ட் இரண்டும் சரியா இருக்கு. உயிர் வந்த மாதிரி இருக்கு, நன்றி.

ஸ்டார்ட் லைன் அக்கா:
நான் வார இறுதியில் ஸ்டார்ட்டிங் லைனில் நின்னு வண்டிகளை வரிசைப்படுத்தி விடுறவள். உங்க சீட்டைப் பார்த்ததுமே ஒரு சந்தேகம் வந்தது. நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. வாட்டர் பாக்ஸ் (லைனுக்கு முன்னாடி டயரை நனைக்கத் தண்ணி விட்டிருக்கிற இடம்) தண்ணியில் இறங்கிப் போனீங்களா, சுத்திப் போனீங்களா? டயரில் எவ்வளவு காற்று? வரிசையில் நிக்கும்போது இன்ஜினும் ஏசியும் ஓடினதா? முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எதையாவது மாத்தினீங்களா?

வெள்ளை ஹேட்ச்:
முதல் தடவை தெரியாததால் தண்ணியை ஒட்டிச் சுத்திப் போனேன் அக்கா. அப்புறம் பக்கத்து வண்டிக்காரர் "தண்ணியில் நிறுத்தி டயரைச் சுத்தவிட்டுச் சூடாக்கு, பிடிப்பு வரும்"னு சொன்னார். ட்ராக்‌ஷன் கண்ட்ரோலை (சக்கரம் வழுக்கிச் சுத்தாம தடுக்கிற வசதி) அணைச்சிட்டு இரண்டாவதிலும் மூணாவதிலும் அப்படியே செஞ்சேன். காற்று நாலு டயரிலும் 35 பிஎஸ்ஐ. கடைசி ஓட்டத்துக்கு முன்னாடி இருபது நிமிஷத்துக்கு மேல் வரிசை. வெயில் தாங்காம இன்ஜினை அணைக்காம ஏசி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டார்ட் லைன் அக்கா:
அப்போ விஷயம் தெளிவாயிடுச்சு. உங்க இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகலை. அந்தச் சீட்டை எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. பலரும் மொத்த நேரத்தை மட்டும் பார்த்துட்டுச் சீட்டை மடிச்சுப் பையில் போட்டுடுறாங்க, எனக்கு அது மனசு கேட்காது.

முடிவில் காட்டுற வேகம் இன்ஜினோட பலத்தைச் சொல்லும். முதல் 60 அடிக்கான நேரம் டயர் பிடிப்பையும் உங்க காலையும் சொல்லும். முதல் இரண்டு ஓட்டத்திலும் வேகம் அதே 131, ஆனா 60 அடி 0.23 நொடி கூடியிருக்கு. இன்ஜின் அதேதான், கிளம்பினதுதான் கெட்டிருக்கு. 60 அடியில் விட்ட ஒவ்வொரு 0.1 நொடியும் கால் மைல் முடிவில் 0.15லிருந்து 0.2 வரை ஆகிடும். உங்களுக்கு மொத்தம் 0.37 கூடியிருக்கு, கணக்கு ஒத்துப்போகுது.

காரணம் அந்தத் தண்ணி. வாட்டர் பாக்ஸ் வழுவழுன்னு இருக்கிற பந்தய டயருக்கானது. நம்ம சாலை டயரில் கோடு கோடா பள்ளம் இருக்கு, அது தண்ணியை வெளியே தள்ளத்தானே செஞ்சது? பள்ளம் தண்ணியை அள்ளிக்கும், வீல் ஆர்ச்சுக்குள்ளே (டயருக்கு மேலே இருக்கிற வளைவு) தெளிக்கும். நீங்க ஸ்டார்ட் விளக்கு முன்னாடி போய் நிக்கும்போது அது சொட்டுச் சொட்டா டயர் மேலேயும் லைன் மேலேயும் விழும். உங்களுக்கு மட்டும் இல்லை, பின்னாடி வர்றவருக்கும் வழுக்கும். போதாததுக்கு, சாலை டயரை அளவுக்கு மேல் சூடாக்கினா ரப்பர் இளகிப் பிசுபிசுன்னு ஆகிப் பிடிப்பு குறையும். அதனால் தண்ணியைச் சுத்திப் போங்க. லைனுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை லேசா சக்கரத்தைச் சுத்தவிட்டா ஒட்டின மண்ணும் கல்லும் உதிரும், அது போதும்.

மூணாவது ஓட்டத்தில் வேகமும் 127 ஆயிருக்கு. இது வேற பிரச்சினை, சூடு. நின்ன இடத்தில் இருபது நிமிஷம் இன்ஜின் ஓடினா பானெட்டுக்குள்ளே காற்று கொதிக்கும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, இன்ஜினுக்குள் போற ஆக்ஸிஜனும் குறையும், பலமும் குறையும். வரிசையில் அணைச்சு வைங்க, பானெட்டைத் திறந்து விடுங்க, முன்னால் நகர இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் தப்பில்லை. லைனுக்கு வரும்போது ஏசி ஓடவே கூடாது, அதிலிருந்தும் தண்ணி சொட்டும்.

முன் டயரில் காற்றை 29, 30க்கு இறக்கிப் பாருங்க, பின்னாடி அப்படியே இருக்கட்டும். வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மறக்காம ஏத்திடணும், குறைஞ்ச காற்றோட நெடுஞ்சாலையில் வேகமாப் போனா டயர் சூடாகி வெடிக்கலாம்.

வெள்ளை ஹேட்ச்:
அக்கா, நீங்க வீல் ஆர்ச் பத்திச் சொன்னதும் ஓடிப் போய் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். உள் பிளாஸ்டிக்கில் சேறும் கறுப்பு ரப்பர் பொடியும் காய்ஞ்சு ஒட்டியிருக்கு. டயர் ஓரத்தில் குட்டிக் குட்டியா ரப்பர் உருண்டை. நீங்க பக்கத்திலிருந்து பார்த்த மாதிரி சொல்லிட்டீங்க.

ரியாக்‌ஷன் நேரத்தையும் சொல்லுங்களேன். பச்சை வந்ததும்தான் கிளம்புறேன், ஏன் 0.9 வருது?

மூன்றாம் கியர்:
பச்சைக்காகக் காத்திருக்கிறதாலதான். மூணு மஞ்சள் விளக்கும் அரை நொடி இடைவெளியில் ஒவ்வொண்ணா எரியும், அதுக்கு அரை நொடி கழிச்சுப் பச்சை. மூணாவது மஞ்சள் கண்ணில் பட்டதுமே கிளட்ச்சை விடணும். உங்க மூளை உத்தரவு போட்டு, கால் அசைஞ்சு, சக்கரம் உருண்டு, லைனில் அதைக் கவனிக்கிற ஒளிக்கதிரை விட்டு வெளியே வர்றதுக்குள்ளே பச்சை வந்திருக்கும். முன்னாடியே வந்துட்டாதான் சிவப்பு, அதாவது ஃபவுல்.

இன்னொண்ணு, ரியாக்‌ஷன் நேரம் 17.21இல் சேராது. சக்கரம் கதிரை விட்டு நகர்ந்ததும்தான் கால் மைல் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். தனியா ஓடிப் பழகும்போது அதை நினைச்சுப் பதற வேண்டாம். லைனுக்கு வரும்போது ஒவ்வொண்ணா எரியுற இரண்டு ஸ்டேஜ் விளக்கில் இரண்டாவது எரிஞ்ச நொடியே நிறுத்துங்க, அதுக்கு மேல் ஒரு அங்குலமும் உருளாதீங்க. கதிரிலிருந்து வெளியே வர்ற அந்த ஓரடித் தூரம் உங்களுக்கு ஓசியில் கிடைக்குது.

கிளம்பும்போது 4000 ஆர்பிஎம் வெச்சு கிளட்ச்சைப் பாதியிலே பிடிச்சிருந்தீங்கன்னு நினைக்கிறேன், அதான் அந்த வாடை. 2000 பக்கம் வெச்சு, சட்டுனு ஆனா உதறாம விடுங்க. சக்கரம் கீச்சுன்னா ஆக்ஸிலரேட்டரை ஒரு நூலளவு தளர்த்துங்க, முழுசா எடுத்துடாதீங்க.

ராத்திரி ரவுண்ட்:
இதுக்கு ஏன் ஸ்டிரிப் வரைக்கும் போகணும்? ராத்திரி பன்னெண்டு மணிக்கு பைபாஸ் காலியா கிடக்கும், அங்கேயே பழகலாமே ப்ரோ.

ஸ்டார்ட் லைன் அக்கா:
வேண்டவே வேண்டாம். காலியா இருக்குன்னு நீங்க நினைக்கிற ரோட்டில் விளக்கில்லாத சைக்கிள்காரர் இருப்பார், மாடு குறுக்கே வரும். ஸ்டிரிப்பில் கோட்டைத் தாண்டினப்புறம் நிக்கிறதுக்குன்னே நீளமா இடம் விட்டிருக்கு, ஆம்புலன்ஸ் நிக்குது. அமெரிக்காவில் ஓடுற உச்ச வகுப்பு வண்டிகளுக்கே நிக்கிற தூரம் போதலைன்னு 2008இல் ஒரு ஓட்டுநர் இறந்தப்புறம் பந்தயத் தூரத்தை 1,320 அடியிலிருந்து (அதான் கால் மைல்) 1,000 அடியாக் குறைச்சாங்க. அவங்ககிட்ட பாராசூட்டே இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?

வெள்ளை ஹேட்ச் தம்பி, போறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் பத்திரத்தையும் படிங்க. பந்தயத்திலோ நேரம் பார்த்து ஓட்டும்போதோ நடக்கிற சேதத்துக்குப் பல பாலிசியில் பணம் வராது. டிக்கியைக் காலி பண்ணுங்க, சீட்டுக்கு அடியில் உருளுற தண்ணி பாட்டிலையும் எடுங்க. அது பிரேக் பெடலுக்குக் கீழே போய் மாட்டினதை நான் என் கண்ணால பார்த்திருக்கேன்.

வெள்ளை ஹேட்ச்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன். நேற்று போயிட்டு வந்தேன். தண்ணியைச் சுத்திப் போனேன், முன் டயர் 30, வரிசையில் இன்ஜின் அணைச்சு பானெட் திறந்து நின்னேன், 2000இல் கிளம்பினேன்.

60 அடி 2.37, கால் மைல் 17.04, வேகம் 131.
2.39, 17.08, 131.
2.38, 17.06, 131.

ரியாக்‌ஷன் 0.31, 0.19. மூணாவதில் அவசரப்பட்டுச் சிவப்பு வாங்கிட்டேன். வாடையே இல்லை. மூணு சீட்டையும் வரிசையா டேஷ்போர்டில் ஒட்டி வெச்சிருக்கேன்.

அடுத்த மாசம், எவ்வளவு நேரத்தில் ஓடுவோம்னு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஓடுற பிராக்கெட் போட்டி இருக்காம். மெதுவான வண்டி முதலில் கிளம்பலாம், எழுதினதைவிட வேகமா ஓடினா தோல்வின்னு சொன்னாங்க. 17.05ன்னு எழுதலாமா?

மூன்றாம் கியர்:
சபாஷ் தம்பி! ஆனா 17.05 வேண்டாம், நீங்க ஏற்கெனவே 17.04 ஓடியிருக்கீங்க. போட்டி சாயங்காலம் வரைக்கும் இழுக்கும், வெயில் தாழ்ந்து காற்று குளிர்ந்தா உங்க வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாகும். காலையில் பழகுற ஓட்டம் இரண்டு கொடுப்பாங்க, அந்தச் சீட்டைப் பார்த்து எழுதுங்க. பார்க்க முடியலைன்னா 17.00.

ஸ்டார்ட் லைன் அக்கா:
17.00ன்னே எழுதுங்க. கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால பெரிசா எழுதுங்க, மேலே டவரில் இருக்கிறவங்களுக்குத் தெரியணும்.