விலங்குக் காப்பாளர் பயிற்சிக்குப் போகிறீர்களா? கூண்டின் பின்பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

புலி, சிங்கம் பக்கம்

பயிற்சிக்குச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் புலியைவிட இரவுக் கூண்டின் தரையைத்தான் அதிகம் பார்ப்பார்கள். கையில் துடைப்பமும் ஹோஸும் கொடுத்ததும் பலருக்கு முகம் வாடிப்போகிறது. வாட வேண்டாம். புலி தன் உடம்புக்கு என்ன என்று வெளியே காட்டிக்கொள்ளாது. காலையில் அந்தத் தரைதான் காட்டிக்கொடுக்கும். அதனால் தண்ணீரைத் திறப்பதற்கு முன் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். இறைச்சி எவ்வளவு மீதி, எலும்பைக் கடித்ததா நக்கிவிட்டு விட்டதா, மலம் கெட்டியா தளர்வா, சளியோ ரத்தமோ உண்டா, வாந்தி எடுத்திருக்கிறதா, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கவனியுங்கள். கறியைத் தின்றுவிட்டு எலும்பைத் தொடாமல் விட்டால் பசியில்லை என்று முடிவு கட்டாதீர்கள், பல் உடைந்திருக்கலாம். கழுவி முடித்த பிறகு மருத்துவர் வந்து கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

கழுவுவதில் வரிசை முக்கியம். முதலில் சுரண்டி அள்ள வேண்டும், அடுத்து வெறும் தண்ணீர், அப்புறம் சோப்பு, நன்றாக அலசல். கிருமிநாசினி கடைசியில்தான். மலமும் கொழுப்பும் இருக்கிற தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் அதன் வீரியம் அழுக்கோடு தீர்ந்துபோகும், கிருமி அப்படியே இருக்கும். சிறுநீர் தேங்கிய இடத்தில் தூவினால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். காற்றோட்டம் குறைந்த இரவுக் கூண்டில் இது ஆபத்து, உங்களுக்கும் பக்கத்துக் கூண்டு விலங்குக்கும்.

பினாயில் வேண்டவே வேண்டாம். வீட்டுத் தரைக்கு ஊற்றுகிற பழக்கத்தில் இங்கேயும் கை போகும். பூனைக் குடும்பத்தின் கல்லீரலால் பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருள்களைச் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது. தரையில் ஊற்றியது பாதத்தில் ஒட்டும், பாதத்தை நக்கும்போது உள்ளே போகும். பூங்கா மருத்துவர் குறித்துக் கொடுத்த மருந்து எதுவோ அதை மட்டும், அவர் சொன்ன அளவில் கலக்குங்கள். வாசலில் கால் நனைக்கும் தொட்டியில் பர்மாங்கனேட் ஊற்றியிருந்தால் அது ஊதாவாக இருக்கும்வரைதான் மருந்து. பழுப்பாக மாறியதும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

கதவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். திறந்தவெளிக்குள் சுத்தம் செய்யப் போவதற்கு முன் விலங்கு இரவுக் கூண்டுக்குள் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ண வேண்டும். உறுமல் கேட்டதும் கணக்கில்லை, காலையில் வேறொருவர் எண்ணியதும் கணக்கில்லை. கதவை இறக்குங்கள், பூட்டுங்கள், பூட்டைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அப்புறம் இரண்டாவது ஆள் தானும் வந்து இழுத்துப் பார்க்க வேண்டும். அவரை வாயால் கேட்டு "ஆச்சு" என்று பதில் வாங்கினால் போதாது.

மேலிருந்து இறங்கும் கதவுகளில் வழக்கமாக வரும் சிக்கல், கீழே கதவு வந்து உட்காரும் காடியில் எலும்புச் சில்லோ கூழாங்கல்லோ சிக்குவது. பார்வைக்கு மூடியது போலிருக்கும், ஆனால் இரண்டு விரல்கடை இடைவெளி இருக்கும். புலிக்கு நகத்தை விட்டுத் தூக்கிப் பார்க்க அது போதும். தினமும் காடியைக் கம்பியால் சுரண்டி எடுங்கள். கம்பி வடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள். இறக்கும்போது வாலைப் பார்த்து இறக்குங்கள். உடம்பு உள்ளே போனதும் கதவை விட்டுவிடுகிற அவசரத்தில்தான் வால் நசுங்குகிறது.

வாரம் ஒரு நாள் ஊனுண்ணிகளைப் பட்டினி போடுவது நம் நாட்டுப் பூங்காக்களின் வழக்கம். அன்று விலங்கு கதவருகே நிலைகொள்ளாமல் நடக்கும். அது நோயென்று பதற வேண்டாம், ஆனால் கம்பி வலையிலிருந்து இன்னும் ஓரடி தள்ளியே நில்லுங்கள்.

முகக்கவசத்தைப் பற்றிச் சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. 2021 ஜூனில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா கண்டறியப்பட்டது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்துபோனது. போபாலில் உள்ள விலங்கு நோய் ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது, அப்போது மனிதரிடையே பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகை. சளி, காய்ச்சல் என்றால் அன்று வேலைக்கு வராதீர்கள்.

மான் பக்கம்

புலிக் கூண்டுக்குப் பயப்படுகிறவர்கள் மான் வளாகத்துக்குள் கையை வீசிக்கொண்டு நுழைகிறார்கள். அங்கேதான் கவனம் கூடுதலாக வேண்டும். கொம்பு முற்றி, கொம்பின் மேல்தோல் உரிந்த ஆண் புள்ளிமான் இணைசேரும் காலத்தில் ஆளை முட்டும். அதிலும் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆண் மான் மிகவும் ஆபத்தானது. மனிதரிடம் அச்சம் போய்விட்டதால் உங்களையும் போட்டிக்கு வந்த இன்னொரு ஆணாகவே எடுத்துக்கொள்ளும். முதுகைக் காட்டாமல், நீளக் காம்புள்ள வாரியை முன்னால் பிடித்துக்கொண்டு வேலை பாருங்கள்.

மானைத் துரத்தாதீர்கள். வெளிமானோ புள்ளிமானோ, சில நிமிடம் பயந்து ஓடினாலே தசைகள் சிதையத் தொடங்கலாம். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் போகும், பின்னங்கால் தள்ளாடும், அன்றோ சில நாள் கழித்தோ செத்துவிடும். வெளியே ஒரு காயமும் இருக்காது. ஒரு மானைப் பிரிக்க வேண்டுமானால் வெயிலேறும் முன் விடிகாலையில், பச்சை நிழல்வலையைத் திரையாகக் கட்டி, மெதுவாக நடந்து ஒதுக்க வேண்டும். கம்பி வலை அதன் கண்ணுக்குத் தெரியாமல் நேராகப் போய் மோதும். துணித் திரையைச் சுவர் என்று நினைத்துத் திரும்பிவிடும். பிடித்ததும் கண்ணைத் துணியால் மூடுங்கள், பேச்சை நிறுத்துங்கள், மல்லாத்திப் போடாமல் நெஞ்சு தரையில் படும்படி வையுங்கள். மல்லாந்தால் இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும்.

தீவனம்: கோ-4 என்ற தீவனப் புல்லை வெட்டிக் குவியலாக ராத்திரி முழுக்க விட்டால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் போடாதீர்கள். பூ வராத இளஞ்சோளத் தட்டையும், காய்ந்துபோய் மறுபடி துளிர்த்த சோளமும் நஞ்சு. அவற்றில் சயனைடு உண்டு. ஒரே தொட்டியில் கொட்டினால் வலுத்த ஆண் நின்று தின்னும், குட்டி போட்ட பெண் மான் பட்டினி கிடக்கும். ஒன்றிலிருந்து ஒன்று தெரியாதபடி நாலைந்து இடத்தில் பிரித்துப் போடுங்கள். பார்வையாளர் வேலியோரத்தை ஒரு நாளும் விடாமல் பொறுக்குங்கள். பாலிதீன் பை வயிற்றுக்குள் போனால் அசைபோடும் விலங்குக்கு அது வெளியே வராது.

குரங்குப் பக்கம்

சிங்கவால் குரங்கு பல்லைக் காட்டினால் சிரிப்பு என்று நினைத்துத் திருப்பிச் சிரிக்காதீர்கள். அது அச்சம் அல்லது எச்சரிக்கை. கண்ணுக்குக் கண் உற்றுப் பார்ப்பதும் சண்டைக்கு அழைப்புதான். பார்வையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நின்று வேலை பாருங்கள். கண்ணாடி, கம்மல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வலைக்குள்ளிருந்து கை நீளும்.

கடியோ கீறலோ பட்டால் முதலில் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சின்னக் கீறல்தானே என்று மறைக்கவே கூடாது. வெறிநோய் மட்டுமல்ல, சிங்கவால் குரங்கு போன்ற மக்காக் இனக் குரங்குகளிடம் பி-வைரஸ் இருக்கலாம். அது குரங்கைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மனிதருக்கு மூளையைத் தாக்கும். வெறிநோய்த் தடுப்பூசியைப் பயிற்சிக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

நீலகிரிக் கருமந்தியின் உணவு வேறு. இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பல அறை இரைப்பை அதற்கு. கடையில் வாங்கும் இனிப்பான வாழைப்பழம், மாம்பழத்தை அள்ளிப் போட்டால் வயிறு உப்பிக் கழிச்சல் வரும். இலை தழைதான் அதன் சாப்பாடு.

பறவை, தீவன அறை

கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் ஐஸ் மீன் போடுகிற இடமானால் தயாமின் (வைட்டமின் பி1) மாத்திரையை மறக்காதீர்கள். உறைந்து கிடக்கும் நாள் கூடக் கூட அந்தச் சத்து குறையும். சில மீன்களில் அதை அழிக்கும் நொதியும் உண்டு. கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் என்பது பரவலான அளவு. மாத்திரையைச் செவுளுக்குள் செருகி, அந்த மீனைக் குறிப்பிட்ட பறவைக்கே கொடுங்கள். கும்பலில் வீசினால் ஒரே பறவை எல்லாவற்றையும் விழுங்கும். உறைந்த மீனைத் தண்ணீரில் போட்டு இளக்கினால் சத்து தண்ணீரோடு போய்விடும். முதல் நாள் மாலையே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வையுங்கள்.

கடைசியாகப் பதிவேடு. "சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "7 கிலோ கொடுத்தது, 3 கிலோ மீதி, எலும்பைத் தொடவில்லை, இடப்பக்கம் மட்டும் மெல்லுகிறது, மலம் இல்லை" என்று எழுதுங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள், நோயின் பெயரை மருத்துவர் எழுதட்டும். ஒன்றும் இல்லாத நாளிலும் பக்கத்தைக் காலியாக விடாதீர்கள், "இயல்பு" என்று எழுதி நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். மாலையில் சாவிகளைப் பலகையில் எண்ணி மாட்டி, எண்ணிக்கையையும் அதே பக்கத்தில் குறித்துவிட்டுக் கிளம்புங்கள்.