யதுட சனத்துக்கு ஊர் தேடின ராத்திரி

குழு: கல்லாத்து வீடு

யது: எல்லாருக்கும் வணக்கம் ஒரு உதவி வேணும். இண்டைக்கு ராவு 12க்கு முதல் கேம் போட்டிக்கு ஒண்டு அனுப்பணும். கற்பனையில ஒரு சனம் உண்டாக்கணும், அவங்கட ஊர், எப்பிடிச் சீவிக்கிறாங்க, எதக் கும்புடுறாங்க எல்லாம் 500 சொல்லுக்குள்ள. படம் நிரோ கீறுறான், எழுத்து என்ட தலையில. எனக்கு ஒண்டும் வருகுதில்ல

சுகந்தி: காலத்தால இருந்து போனும் கையுமா இருந்தது இதுக்குத்தானா

யது: அம்மா ப்ளீஸ்

ஜெயந்தன்: இதுவரைக்கும் என்னகா எழுதின, போடு பாப்பம்

யது: வடக்க ஒரு பனிமலை. அதுல வெள்ளை முடி, நீட்டுக் காது ஆக்கள். ஆயிரம் வருசம் சாகமாட்டாங்க. வில்லு எய்வாங்க. மரத்தக் கும்புடுவாங்க. இவ்வளவுதான் இரிக்கி

ஜெயந்தன்: ஆயிரம் வருசமா!! கிழவனுகள் சாகாட்டி காணி எப்பகா பிரிக்கிற

ரவி: நல்ல கேள்வி

மாலா: தொடங்கிட்டாங்க

சுகந்தி: தம்பி அவன் கேட்டது வேற. மாலா, அம்மன் கோயில் சடங்குக் காசு ஆர் ஆர் தந்த?

மாலா: நீங்க, பெரியண்ணன், தர்ஷி அனுப்பிட்டாள். மத்தாக்கள் அவங்கவங்கட மனச்சாட்சி

பரமானந்தன்: யது மகன், இப்பதான் கண்டன், மாமா கொஞ்சம் விளக்கமா எழுதிறன் ஆறுதலா வாசி. நீட்டுக் காது ஆக்கள் உலகத்தில உள்ள அரைவாசிக் கேமுக்குள்ள நிக்கிறாங்க, அது ஐரோப்பாக்காரன்ட பழங்கதையில இருந்து வந்த சனம், அவனுக்கு அது பொருந்தும், பனி அவன்ட முத்தத்தில கொட்டுது, நீ பனியக் கண்டது பிரிஜ்ஜுக்குள்ள. ஒரு சனத்த உண்டாக்கிறதெண்டா காதில முடியில தொடங்கப்படா. தண்ணி எங்கால வருகுது, எது முடிஞ்சா பட்டினி, எந்த மாசம் வந்தா பயம், இந்த மூணையும் முதல்ல முடிவு பண்ணு. சாமியும் சட்டமும் சண்டையும் மறுகா தானா வரும்

ஜெயந்தன்: அப்பா ரிட்டயராகல்ல எண்டு இப்பதான் விளங்குது

பரமானந்தன்: பகிடிய உடு. எங்கட மட்டக்களப்பு வாவிய எடு. 56 கிலோமீற்றர் நீளம். கடல் பக்கம் எழுவான்கரை, உள்பக்கம் படுவான்கரை, சூரியன் எழும்புற கரையும் படுற கரையும். ஒரு கற்பனை நாட்டுக்கு இதவிட நல்ல பேர் நீ இருந்து யோசிச்சாலும் வராது. இப்ப முக்கியமான விசயம், வாவிக்கும் கடலுக்கும் நடுவுல முகத்துவாரம். வெயில் காலத்தில அதுல மண் மூடும். மாரிக்கு வெள்ளம் வந்தா உடைக்கும், இல்லாட்டி வெட்டி உடணும். மாரியில ஆத்துத்தண்ணி இறங்கி உப்புக் குறையும், கடல்தண்ணி ஏறினா உப்புக் கூடும். அப்ப தண்ணிக்குள்ள சீவிக்கிற ஒரு சனம் எண்டு வை, அவங்க ஒரு இடத்தில இருக்கேலாது, உப்புக்குப் பின்னால போகணும். ஒரே சனத்துக்கு வெயிலூர் ஒண்டு மாரியூர் ஒண்டு. பாத்தயா, ஊர் வந்திட்டு

யது: மாமா இது சுப்பர்

ரவி: முகத்துவாரம் வெட்டுற கதை எடுத்ததால கேக்கன். போன மாரி வெட்டச் சுணங்கி என்ட வட்டையில முழங்காலுக்கு மேல தண்ணி நிண்டது. நெல்லு கதிர் தள்ளுறதுக்கு முந்தின குடலைப் பருவம். அண்ணன் அதையும் எழுதச் சொல்லுங்க

ஜெயந்தன்: சித்தப்பா நீங்க ஒரு மழைக்கே வெட்டு வெட்டு எண்டு நிப்பீங்க, வெள்ளன வெட்டினா வளராத றால் எல்லாம் கடலோட போயிரும், மறுகா நாங்க என்னத்த விக்கிற

ரவி: றால் போனா அடுத்த முறை வரும். நெல்லு அழுகினா கடன் மட்டும்தான் வரும்

ஜெயந்தன்: எங்களுக்கு மட்டும் கடன் இல்லையா

யது: பொறுங்க பொறுங்க!! இதத்தான் எழுதப் போறன். அந்தச் சனத்துக்குள்ளயும் ரெண்டு பக்கம். ஒரு பக்கம் தண்ணிக்குக் கீழ பயிர் வைக்கிறவங்க, மத்தப் பக்கம் றால் மேய்க்கிறவங்க. முகத்துவார வாய் எப்ப திறக்கிறதெண்டுதான் சண்டை

மாலா: றால் மேய்க்கிறதா

யது: ஓம் சின்னம்மா ஆடு மாதிரி

மாலா: சொல்லப்போக, நேத்து ரவியண்ணன்ட பக்கத்து வேலியால மாடு பூந்து என்ட கத்தரி முழுக்கத் திண்டிட்டு. வேலிய ஆர் கட்டுறதெண்டு இன்னும் முடிவில்ல

சுகந்தி: மாலா இஞ்ச வேணாம்

தர்ஷி லண்டன்: இப்பதான் வேல முடிஞ்சு ட்ரெயின்ல ஏறினன். 40 மெசேஜ்! ஆருக்கும் என்னவுமா?

ஜெயந்தன்: ஒண்டுமில்ல, யதுட சனத்துக்கு வெள்ளம்

தர்ஷி லண்டன்: ஆ. டேய் யது, நம்மட வாவிக்குள்ள ராவையில கேக்கிற சத்தம், அந்தப் பாடும் மீன் போடுடா. இஞ்ச என்ட வெள்ளைக்காரக் கூட்டாளிகளுக்குச் சொன்னா வாயப் பிளக்கிறாங்க

பரமானந்தன்: நானே வாறன் அதுக்கு. 1848ல எமேர்சன் ரெனன்ட் எண்ட வெள்ளைக்காரத் துரை இஞ்ச வந்து தோணியில போய் அந்தச் சத்தத்தக் கேட்டு எழுதி வைச்சிரிக்கார். மீன்பிடிக்கிற ஆக்கள் அவருக்குக் காட்டினது மீனில்ல, ஊரி, அதுதான் ஓட்டுக்குள்ள இரிக்கிற நத்தை. ஊரிதான் அழுது சத்தம் போடுது எண்டு சொல்லியிரிக்காங்க. 1954ல லாங் எண்ட பாதிரியார் அத ஒலிப்பதிவு செய்து ரேடியோ சிலோன்லயும் போட்டது. நம்மட விபுலானந்த சுவாமி இன்னொரு மாதிரிப் பாத்தார், யாழ்நூல்ல அந்தச் சத்தத்த நீரரமகளிர், அதாவது தண்ணிக்குள்ள சீவிக்கிற தெய்வப் பொம்புளைகள், அவங்கட பாட்டா வைச்சார். அந்தப் புத்தகம் அரங்கேறினது 1947 ஆனியில, அடுத்த மாசம் 19ம் திகதி சுவாமி போயிட்டார். ஆகவே நீ தண்ணிக்குள்ள சனம் வைக்கிற முதல் ஆள் இல்ல, காரைதீவார் நம்மட சுவாமி உனக்கு முதலே வைச்சிட்டார், அது ஞாபகம் இரிக்கட்டும்

தர்ஷி லண்டன்: அப்பா சுருக்கமா 🙏

பரமானந்தன்: இதுதான் சுருக்கம்

மாலா: அம்மா சொல்றா டைப் பண்ணுறன். அப்பா இருக்கக்குள்ள கல்யாணம் முடிச்ச புதுசில கல்லடிப் பாலத்துக்குக் கீழ தோணியில கூட்டிப் போனவராம். பூரணை. துடுப்பத் தண்ணிக்குள்ள நட்டு மத்தக் கொம்ப காதோட ஒட்டிப் பிடி எண்டாராம். முதல்ல ஒண்டும் கேக்கல்லயாம், துடுப்பு ஈரம் காதுக்குள்ள பூந்து கூசினதாம். மறுகா கிண்ணத்து வாயில விரல் தேச்சாப் போல சன்னமா ஒரு இழுவை, உட்டு உட்டு வந்ததாம். அம்மா பயந்து துடுப்பக் கைவிட்டுட்டாவாம், துடுப்பு மிதந்து போய் அப்பா நீந்தி எடுத்தவராம்

ஜெயந்தன்: அப்பப்பா பாடினதா மீன் பாடினதா எண்டு கேளுங்க மாமி

மாலா: செருப்பால அடி வாங்குவான் எண்டு சொல்லச் சொல்றா

யது: அம்மம்மா 🙏🙏 எனக்குப் பிடிபட்டுட்டு. அவங்க ஊரிக்குள்ள இருக்கிற சனம். ஒராள் செத்தா அவர்ட பேர ஊரிக்குள்ள சொல்லி மூடி வைப்பாங்க. வெயில் காலத்துப் பூரணைக்கு மட்டும் திறந்து அந்தப் பேர்களப் பாடுவாங்க. பாடாம உட்ட பேர் அழிஞ்சு போகும். மேல இருக்கிற நமக்கு அது மீன் பாடுறாப் போல கேக்குது

தர்ஷி லண்டன்: டேய் எனக்கு மயிர்க்கூச்செறியுது

சுகந்தி: நல்லாத்தான் இரிக்கி. சாப்பிட்டயா

பரமானந்தன்: நல்லம். ஆனா இன்னும் ஒண்டு காணாது. நம்பிக்கை எண்டா அதால ஒரு நட்டம் வரணும், சும்மா பாடிட்டுப் படுக்கிறதெண்டா அது பொழுதுபோக்கு

யது: அப்ப பாடுற கிழமை முழுக்க ஒருத்தரும் றால்ல கை வைக்கப்படா, பட்டினி

ஜெயந்தன்: நிலவுக்கு எங்களுக்கும் மீன்பாடு குறைவுதான், அதால பெரிய நட்டமில்ல. வேற நட்டம் வை

யது: எத்தின பேர் பாடணுமோ அத்தின நாள் பட்டினி. பழைய குடும்பத்துக்குப் பேர் கூட. அப்ப பெரிய குடும்பம்தான் ஆகப் பட்டினி கிடக்கும்

பரமானந்தன்: ஆ!! இப்ப சரி. அப்ப சில பேர் கிழவன்கிழவிட பேர ஒளிச்சு ஒளிச்சுக் குறைப்பான். அதுதான் கதை

தர்ஷி லண்டன்: ஊரி ஆர்ட? தாய்டயா தகப்பன்டயா?

மாலா: தாய்ட. இதென்ன கேள்வி. நம்மட போலதான், வீடு பொம்புளப்புள்ளைக்கு, ஆம்புள கட்டின வீட்டுக்குப் போகணும்

ரவி: ஓம் எழுதுங்க. ஆம்புளைக்கு ஊரியும் இல்ல வேலியும் இல்ல எண்டும் எழுதுங்க

மாலா: அண்ணன் உங்களுக்கு வயல் தந்தது அப்பா

ரவி: வயல் தண்ணிக்குள்ள எண்டு இப்பதானே சொன்னன்

பரமானந்தன்: ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க. யது, இது எங்கட பக்கத்து விசயம், நல்லா விளங்கிக்க. குடி எண்டா வம்சம், அது தாய்வழி, வயித்துவார் எண்டுதான் சொல்ற. ஒரே குடிக்குள்ள கட்டப்படா. முந்தி முக்குவச் சட்டம் எண்டு ஒண்டு இருந்தது, மாமன்ட சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரிட மகனுக்கு. 1876ல வந்த சட்டத்தோட அது போயிட்டு. கேமுக்கு நீ அதத் திருப்பி எடுக்கலாம், மாமன் செத்தா சண்டை மகனுக்கும் மருமகனுக்கும்

ஜெயந்தன்: அப்ப அப்பாட சொத்து யதுக்கா?? நான் இந்தக் கேமுக்கு எதிர்ப்பு

யது: மச்சான் சைக்கிள மட்டும் தாங்க போதும்

ஜெயந்தன்: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

தர்ஷி லண்டன்: நான் வாசிச்சிட்டன் ஜெயந்தன். ஒரே குடி எண்டு என்ட சம்பந்தத்தக் குழப்பினது ஆரெண்டு எனக்கும் தெரியும். அதக் கேமுக்குள்ள போட வேணாம்

ஜெயந்தன்: சொறி அக்கா பகிடிக்கு

சுகந்தி: யது வேற கதை எடு

யது: சாமி. வருசத்துக்கு ஒருக்காத் திறக்கிற கோயில், நம்மட கண்ணகை அம்மன் போல

சுகந்தி: அம்மன வைச்சு விளையாடாத சொல்லிட்டன். கதவு திறக்க இன்னும் ஒரு கிழமை இல்ல

பரமானந்தன்: அம்மா சொல்றது சரி. அம்மன எடுக்காத, முறைய எடு. கொம்புமுறிய நினை, வடசேரி கோவலன்ட பக்கம், தென்சேரி கண்ணகிட பக்கம், ரெண்டு கொம்பையும் கொழுவி இழுக்கிற, ஒண்டு முறியும், தோத்த பக்கத்துக்கு வசை பாடுற. மழைக்கும் நோய்க்கும் எண்டு செய்த வேல. உன்ட சனத்துக்கு முகத்துவாரம்தான் சாமிட தொண்டை எண்டு வை. பயிர்க்காரரும் றால்காரரும் ரெண்டு பக்கம் நிண்டு இழுக்கட்டும், வெண்ட பக்கம் சொல்ற நாள்ல வாய் திறக்கும்

ரவி: பயிர்க்காரர் வெல்லணும்

ஜெயந்தன்: வரவே வராது

மாலா: சடங்கு எண்டதும் ஞாபகம் வந்த, நம்மட குடிப் பூசைக்குப் பானையும் வாழைக்குலையும் இந்தமுறை ஆர்

சுகந்தி: போன வருசம் நான்

மாலா: எனக்குக் கொழுந்தன்ட பேர்வைப்பு அதே கிழமை

சுகந்தி: அப்ப பெரியண்ணன்ட வீட்டால கேளு

பரமானந்தன்: அண்ணிட்டக் கேட்டுச் சொல்றன்

யது: பேர் என்ன வைக்கிற? நான் ஊரியர் எண்டு போட்டிரிக்கன்

ஜெயந்தன்: ஊழியர் எண்டு வாசிப்பான்கா. அரசாங்கக் கச்சேரியில வேல செய்ற ஆக்கள் எண்டு நினைச்சு நாலு மணிக்குக் கேம மூடிருவான்

தர்ஷி லண்டன்: 😂😂 ஊரிக்குடியார்

பரமானந்தன்: ஊரிக்குடியார் நல்லம். ஆனா நீரரர் எண்டாலும்

ஜெயந்தன்: அப்பா அது வாய்க்குள்ளயே நுழையாது

யது: 11.40 ஆயிட்டு. கடைசிப் பந்தி போடுறன் பாருங்க. "ஊரிக்குடியார் வெயிலூரில் பாடுவார்கள், மாரியூரில் பேசமாட்டார்கள். பிள்ளை பிறந்தால் தாயின் ஊரியில் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பார்கள், அதைச் சுற்றி அது தன் வீட்டை வளர்க்கும். மகனுக்கும் துண்டு உண்டு, ஆனால் அது வளராது, கட்டின வீட்டில் கொண்டுபோய் ஒட்டவேண்டும்."

மாலா: அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். மகனுக்குக் குடுத்தது ஏன் வளரா எண்டு கேக்கிறா

ரவி: அம்மாட்ட நான் கேட்டதும் அதுதான்

சுகந்தி: நல்லா எழுதியிரிக்கான். ஆர்ட புள்ள

பரமானந்தன்: எழுவாய் பயனிலை சரி. "பேசமாட்டார்கள்" ஏன் எண்டு ஒரு வரி போடு, வெள்ளச் சத்தத்துக்குக் கேக்காது எண்டு

ஜெயந்தன்: இழுவையில ஆர் வெண்ட

யது: இன்னும் இழுத்துக்கொண்டு நிக்கிறாங்க எண்டு உட்டிட்டன். ஆர் பக்கமும் எழுதினா வீட்டுக்குள்ள இருக்கேலாது

யது: அனுப்பிட்டன்!!! 11.56

தர்ஷி லண்டன்: 👏👏👏 பேர் என்ன போட்ட

யது: பதட்டத்தில ரெண்டையும் போட்டிட்டன் போல, மேல ஊரியர், உள்ளுக்கு ஊரிக்குடியார்

ஜெயந்தன்: சரிகா, ரெண்டு கட்சி எண்டு சொல்லு

ரவி: மாலா, சடங்குக் காசு நாளைக்கி மண்டூர்ப் பாதையால வந்து கையில தாறன். வந்தாப் போல வேலியையும் அளந்து பாப்பம்

மாலா: காசு தர எண்டா வாங்க, சோறு வைக்கன். அளக்க எண்டா பெரியண்ணனையும் கூட்டிட்டு வாங்க

பரமானந்தன்: எனக்கு நாளைக்கிக் கிளினிக்

ஜெயந்தன்: சித்தப்பா வரக்குள்ள ரெண்டு முட்டி தயிர்

ரவி: பாப்பம்