மீனோ காகித விளக்குகள்: ஜப்பானில் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். அக்டோபரில் கிஃபு மாகாணத்தின் மீனோ நகருக்குப் போகிறேன். எடோ காலத்து (17-19ஆம் நூற்றாண்டு) வணிகர் வீடுகள் வரிசையாக நிற்கும் உதட்சு தெருவில் அந்த மாதம் நடக்கும் காகித விளக்குக் கண்காட்சிக்காகவே இந்தப் பயணம்.

அங்கே கோசோ என்ற காகித மல்பெரி மரத்தின் பட்டை நாரில் கையால் செய்யும் ஹொன்மினோஷி காகிதத்தின் தயாரிப்புக் கலை 2014-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் மெல்லியதாக இருந்தாலும் லேசில் கிழியாது. வெளிச்சம் அதில் பரவும் அழகே தனி!

விளக்குகளைப் பார்த்துவிட்டு இரவே நகோயா திரும்ப ரயில் கிடைக்குமா, தங்கிவிடுவதுதான் நல்லதா? அப்புறம், வீட்டில் விளக்கு செய்ய எந்தத் தடிமனில் காகிதம் வாங்கலாம்? மூங்கில் சட்டத்தில் ஒட்டினால், சென்னை ஈரக்காற்றுக்கு மைதாப் பசை தாங்குமா? செய்து பார்த்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.