கடலோரத்துப் பழைய கிடங்கைக் கலை மையமாக்க நினைக்கிறோம், முதல் செலவு எதில்?

கிடங்குக்காரன்:
நாடகம் போடுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், வாத்தியக்காரர்கள் என்று கலவையாக இருபது பேர் இருக்கிறோம். கரையிலிருந்து 100 மீட்டருக்குள் நிற்கிற ஒரு பழைய கிடங்கை 10 வருடக் குத்தகைக்குத் தர நகராட்சி ஒப்புக்கொண்டிருக்கிறது. கான்கிரீட் தூண்கள், தகரக் கூரை, நடுவில் தூணே இல்லாத பெரிய கூடம். பாதிப் பேர் வெள்ளையடித்து மேடை போட்டால் போதும் என்கிறார்கள், மீதிப் பேர் இடித்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி கண்ணாடி முகப்போடு கட்டலாம் என்று வரைபடம் வரைக்கும் போய்விட்டார்கள். இதில் கை சுட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

துருவோடு வாழ்கிறவன்:
வெள்ளையடிக்கிற பேச்சை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு தூண்களை அடியிலிருந்து தலை உயரம் வரை தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே சிமெண்டு பூசி மறைத்தால் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது, நான் பூசியவன் என்பதால் சொல்கிறேன். பொள்ளல் கேட்ட இடத்தில் துளையிட்டுப் பொடி எடுத்து, எத்தனை ஆழம் வரை குளோரைடு, அதாவது கம்பியை அரிக்கிற உப்புக் கூறு, போயிருக்கிறது என்று சோதிக்கச் சொல்லுங்கள். அந்த முடிவு வந்தபிறகுதான் இடிப்பதா வைப்பதா என்ற சண்டையே.

வெளியே போடுகிற ஆணி, கீல், கைப்பிடிக்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். 304 மலிவுதான், ஆனால் உப்புக் காற்றில் சீக்கிரமே பழுப்புக் கறை படியும்.

மேடைக்குப் பின்னால்:
கட்டடம் நின்றுவிடும், சரி. உள்ளே பேசினால் கேட்குமா? கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டி, சத்தம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். நாடக வசனம் புரிய வேண்டுமானால் எதிரொலி 1 நொடி அளவில் அடங்க வேண்டும், இசைக்கு 1.5 முதல் 2 நொடி வரை நன்றாகவே இருக்கும். வெற்றுக் கிடங்கில் 4 நொடி வந்தாலும் ஆச்சரியமில்லை. சுவரோரம் இழுத்து மூடுகிற கனமான திரைகள் போட்டால் இரண்டுக்கும் சமாளிக்கலாம். தகரக் கூரைக்கு அடியில் எடை உள்ள இன்னொரு அடுக்கு வேண்டும், இல்லையென்றால் மழை வந்ததும் ஒத்திகையைக் கலைக்க வேண்டியதுதான்.

கண்ணாடி முகப்பு வேண்டாம் என்பது என் கட்சி. பகலில் மேடையை இருட்டாக்க முடியாது, ஓவியங்கள் மேல் வெயில் அடிக்கும், கண்ணாடியில் படிகிற உப்பைத் துடைக்கவே ஒரு ஆள் வேண்டும். ஒருமுறை கடலோரக் கூடம் ஒன்றில் புகைப்படக் காட்சி வைத்தோம், மூன்றாவது வாரம் சட்டத்தைப் பிரித்தால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஆகவே ஈரக் காற்று நேரே நுழையாதபடி வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு, வாத்தியங்களுக்கும் படங்களுக்கும் ஈரம் உறிஞ்சுகிற இயந்திரத்தோடு ஒரு சின்ன அறை. மின்பலகையையும் நாடகச் சாமான்களையும் வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இடித்துக் கட்டுகிற அணியிடம் இதைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் மார்கேட் என்ற கடலோர ஊரில், டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடத்துக்கு முதலில் கடலிலேயே நிற்கிற மாதிரி வடிவமைத்தார்கள். செலவு எகிறியதால் 2006-இல் அதைக் கைவிட்டு, பிறகு டேவிட் சிப்பர்ஃபீல்டு கரையில் வடிவமைத்த கட்டடம் 2011-இல்தான் திறந்தது. அவ்வளவு காலம் காத்திருக்க உங்களுக்குத் தெம்பு உண்டா?

அப்புறம் 10 வருடக் குத்தகை போதவே போதாது. கூரைக்கு நீங்கள் கொட்டுகிற பணம் திரும்புவதற்குள் சாவியைக் கேட்பார்கள். 25 வருடமாவது கேளுங்கள், தூண் பழுது யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். பருவத்துக்கு வருகிற சுற்றுலாக் கூட்டத்தை நம்பி வரவுசெலவு போடாதீர்கள். வார நாள் சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்களா என்பதுதான் மின்கட்டணத்தைக் கட்டும்.

கிடங்குக்காரன்:
நேற்றே தட்டிப் பார்த்தோம். பன்னிரண்டு தூண்களில் கடல் பக்கத்து மூன்று பொள்ளலாகக் கேட்கிறது, மற்றவை கெட்டி. பொடி எடுக்க ஆள் சொல்லியாகிவிட்டது. கை தட்டியதில் நாலரை நொடி, எண்ணிய ஆளே சிரித்துவிட்டார். குத்தகை விஷயமாகத் திங்கள்கிழமை நகராட்சிக்குப் போகிறோம், வரைபடம் வரைந்தவர் மட்டும் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.