உருமாறி வில்லனை முதல் நாளே பிடிச்சுடறாங்க, நாலு செஷன் எப்படி ஓட்டறது?

பாலக்கோடு_பகடை:

தர்மபுரியில ஞாயித்துக்கிழமை ஆடற மேசைக்காகக் கேக்கறேன். 5 பேர், எல்லாரும் 3ஆம் லெவல், டி அண்ட் டி (பகடை உருட்டிக் கதை ஆடற மேசை விளையாட்டு) 5ஆம் பதிப்பு, 2014 விதிகள். உலகத்தை நம்ம பாராமகால் மாதிரி அமைச்சிருக்கு: பன்னெண்டு மலைக்கோட்டை, நடுவுல சந்தை கூடற ஒரு ஊர். அந்த ஊர் மணியக்காரரைத் தூக்கிட்டு, அவர் முகத்தோட ஒரு டாப்பிள்கேங்கர் (யார் உருவமும் எடுக்கற உருமாறி) திண்ணையில உக்காந்திருக்கு. புளி மூட்டை, கேழ்வரகு வண்டி எல்லாம் எப்போ கணவாய் ஏறுதுன்னு கொள்ளைக்காரங்களுக்குத் தகவல் தர்றது அதுதான். நாலு செஷன் ஓடணும்.

சிக்கல் என்னன்னா, யார் வாயத் திறந்தாலும் அஞ்சு பேரும் "இன்சைட் போடறேன்"ங்கறாங்க, அதாவது பொய்யான்னு கண்டுபிடிக்கப் பகடை உருட்டறாங்க. கிளெரிக்கிட்ட (சாமி அருளால மந்திரம் போடறவர்) பொய் பேச விடாத ஜோன் ஆஃப் ட்ரூத் மந்திரம், ட்ரூயிட்கிட்ட (இயற்கை மந்திரவாதி) உருமாறியைக் காட்டிக்கொடுக்கற மூன்பீம் மந்திரம். ரெண்டையும் வேலை செய்யாதுன்னு சொன்னா அது ஆட்டக்காரங்களுக்கு அநியாயம். மாட்டிக்கிட்டா அதோட 52 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) ரெண்டு ரவுண்டுக்குக் கூட தாங்காது. ஒரு ஆட்டக்காரரோட கேரக்டரையே தூக்கிட்டு, அந்த இடத்துல உருமாறியை மாத்தி வெக்கலாமான்னும் ஒரு யோசனை இருக்கு. நடத்தத் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

அதியமான்கோட்டை:

முகத்துல ஓட்டை வெக்காதீங்க. முகம் அச்சு அசலாப் பொருந்தும், அதுக்குத்தான் அந்த மிருகம். ஓட்டை எல்லாம் முகத்துக்கு வெளிய, அதோட விதிகள்லயே இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க.

முதல்ல மனசைப் படிக்கறது. 60 அடிக்குள்ள, ஒரே ஒரு ஆளோட மேலோட்டமான நினைப்பை மட்டும்தான் அதால படிக்க முடியும். ஆழத்துல இருக்கற ஞாபகத்தைத் தோண்டி எடுக்க முடியாது. அதனாலதான் நிஜ மணியக்காரரை உயிரோட அடைச்சு வெச்சிருக்கணும். ஊர்ல யாராவது பழைய விஷயம் கேட்டா, ராத்திரி கீழ குதிருக்குப் பின்னால போய், அவர்கிட்ட அதே கேள்வியைக் கேக்கணும். அவர் வாயத் திறக்கலைன்னாலும் கேட்ட உடனே பதில் அவர் மனசுல மேல வரும், இது படிச்சுக்கும். இப்ப உங்களுக்கு ஒரு அருமையான துப்பு கிடைச்சாச்சு: பழைய கணக்கு, பங்காளி தகராறு, வரப்புப் பிரச்சினை எதைக் கேட்டாலும் மணியக்காரர் "நாளைக்குக் காலையில வாங்க, சொல்றேன்"ங்கறார். மறுநாள் காலையில பதில் சுத்தமா, சரியா வருது. ஒரு தடவை நடந்தா பெரிய மனுஷன் தோரணை. மூணாவது தடவை நடக்கும்போது மேசையில யாராவது நிமிர்ந்து உக்காருவாங்க.

ரெண்டாவது, எதிர்ல நிக்கறவன் மனசைப் படிச்சுப் பதில் சொல்றப்ப, அவனோட தப்பும் சேர்ந்து வந்துடும். இப்படி வெச்சுப் பாருங்க. ஆட்டக்காரர் கேக்கறார்: "போன தடவை வேடியப்பனுக்குப் பொங்கல் வெச்சப்ப எத்தனை கிடா வெட்டினீங்க?" அவர் பூசாரி சொன்னதைத் தப்பா ஞாபகம் வெச்சு மூணுன்னு நினைச்சுட்டிருக்கார். மணியக்காரர் ஒரு மூச்சு விடற நேரம் அவர் முகத்தையே பாத்துட்டு, "மூணு, வேற என்ன?"ங்கறார். ஆனா ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அந்த வருஷம் ரெண்டுதான். இது புரிஞ்ச ஆட்டக்காரர் அடுத்த தடவை வேணும்னே பொய்யை மனசுல வெச்சுக்கிட்டுக் கேப்பார். அந்தத் தருணத்துக்காகவே இந்தக் கதையை நடத்தலாம். நடுகல் வீரனை வேடியப்பனாக் கும்பிடறது நம்ம பக்கத்துல இன்னும் இருக்கறதால, ஆட்டக்காரங்களுக்கு அந்தக் காட்சியைத் தனியா விளக்கவும் வேண்டாம்.

மூணாவது மொழி. டாப்பிள்கேங்கருக்கு விதிப்படி காமன்ங்கற பொதுமொழி மட்டும்தான் தெரியும். எல்லையோர ஊர் மணியக்காரர்னா மூணு பாஷை பேசியே ஆகணும். ஓசூர் பக்கம் சந்தையில நிக்கற யாருக்கும் அது தெரியும். உங்க உலகத்துல வண்டிக்காரங்க டுவார்விஷ் (குள்ளர் மொழி) பேசறாங்கன்னு வெச்சுக்கோங்க. முப்பது வருஷம் அவங்ககூட டுவார்விஷ்ல பேரம் பேசின மனுஷன், இந்த மாசம் மட்டும் "தொண்டை கட்டியிருக்கு"ன்னு கணக்குப்பிள்ளையைப் பேச விடறார்.

நாலாவது துணிமணி. உடம்பு மாறும், போட்டிருக்கறது, கையில வெச்சிருக்கறது எதுவும் மாறாது. அப்ப வேற வேற ஆளா மாற வேற வேற துணி ஒளிச்சு வெச்சாகணும். மாட்டுக் கொட்டகைப் பரண்ல ஒரு சாக்கு: உள்ள ஒரு கண்டாங்கிச் சேலை, வண்டிக்காரன் தலைப்பாகை, பத்து வயசுப் பையன் அரை டவுசர். சின்ன உருவமும் எடுக்க முடியும்கறதால அந்த டவுசரை விட்டுடாதீங்க, பாக்கறவங்களுக்குக் கதிகலங்கும்.

இன்சைட் விஷயத்துக்கு வர்றேன். அதோட டிசெப்ஷன் (ஏமாத்தற திறமை) +6, பாசிவ்ல, அதாவது உருட்டாம 10 கூட்டினா, 16. அஞ்சு பேருக்கும் இன்சைட் +3ன்னு வெச்சா ஒருத்தர் ஜெயிக்க 40 சதவீதம். அஞ்சு பேரும் தனித்தனியா உருட்டினா யாராவது ஒருத்தர் ஜெயிக்க 92 சதவீதம். நீங்க தோக்கறது இந்தக் கணக்குலதான். பேசறவர் மட்டும் உருட்டட்டும், மத்தவங்க உதவினா அட்வான்டேஜ் (ரெண்டு பகடை உருட்டி நல்லதை எடுக்கறது, பாசிவ்ல +5). பேசறவர் மனசைத்தான் அது படிச்சுட்டிருக்குன்னா டிசெப்ஷனுக்கு அட்வான்டேஜ், அதாவது பாசிவ்ல 21. ஓரமா நிக்கற இன்னொருத்தருக்கு அதே 16தான். இதைச் சொல்லாம விட்டாலும் ஆட்டத்துல அது தெரியவரும்.

முக்கியமா, ஜெயிச்சா "பொய் சொல்றார்"னு சொல்லாதீங்க. பாத்ததைச் சொல்லுங்க: "பதில் சொல்றதுக்கு முன்னால உங்க நெத்தியைப் பாத்தார், கண்ணைப் பாக்கல." என்ன அர்த்தம்னு அவங்க யோசிக்கட்டும். ஒரு முடிவுக்குக் குறைஞ்சது மூணு துப்பு, வேற வேற இடத்துல இருக்கணும். ஒண்ணைக் கவனிக்க மாட்டாங்க, ஒண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்குவாங்க, மூணாவதுல பிடிப்பாங்க.

---

சாந்தூர்_தோப்பு:

மந்திரங்களைத் தடை செய்யாதீர்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நல்லது. இரண்டையும் விதிப்படி அப்படியே விடுங்கள். அவற்றின் விலை என்ன என்பதை மட்டும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஜோன் ஆஃப் ட்ரூத்: 15 அடி ஆரம், 10 நிமிடம், கரிஸ்மா சேவ் (மந்திரத்திலிருந்து தப்பிக்கப் போடும் உருட்டல்). 3ஆம் லெவல் கிளெரிக்கின் டிசி (தப்பிக்கத் தேவையான எண்) பெரும்பாலும் 13. டாப்பிள்கேங்கருக்கு +2, எனவே தப்பிக்கப் பாதிக்குப் பாதி. தப்பியதா இல்லையா என்பது கிளெரிக்குக் கண்டிப்பாகத் தெரியும். அதோடு, உள்ளே நிற்கும்வரை ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மறுபடி சேவ் போட வேண்டும். 10 நிமிடம் என்பது 100 சுற்று. தோற்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கவே முடியாது. ஆகவே அது உள்ளே வராது, வந்தாலும் உடனே எழுந்து போய்விடும். ஊர்ப் பெரியவரை நடுச் சந்தையில் சத்தியம் செய்யச் சொல்கிறீர்களா என்று கோபப்பட்டு எழுந்து போவது நிஜ மணியக்காரரும் செய்யக்கூடிய காரியம்தான். உள்ளேயே இருந்தாலும், அந்த மந்திரம் பொய்யைத்தான் தடுக்கும். பேசாமல் இருப்பதையும் சுற்றி வளைப்பதையும் தடுக்காது.

மூன்பீம்தான் ஆபத்தானது. உருமாறிக்கு கான் (உடல் உறுதி) சேவ் டிஸ்அட்வான்டேஜில், அதாவது இரண்டு பகடையில் குறைந்ததுதான் கணக்கு. டிசி 13க்கு அது தப்பிக்க 25 சதவீதம்தான். தோற்றால் நிஜ உருவம் வெளியே வந்துவிடும், ஒளியை விட்டு வெளியேறும்வரை மாறவும் முடியாது. ஆனால் அந்த ஒளிக்குள் நிற்பவர் சாதாரண மனிதராக இருந்தால்? சேதம் 2டி10 (பத்து முகப் பகடை இரண்டு), சராசரி 11. சேவ் ஜெயித்தாலும் பாதி. ஊர்க்காரருக்கு 4 ஹெச்பி. சந்தேகப்பட்டு ஒரு கிழவரின் மேல் அதை இறக்கினால் பிணம்தான் மிஞ்சும். ட்ரூயிட் ஆட்டக்காரருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மந்திரத்தைப் போட்ட பிறகு தெரிவிப்பது சரியல்ல.

டிடெக்ட் ஈவில் அண்ட் குட் வைத்திருந்தால் ஒன்றும் காட்டாது, ஏனென்றால் டாப்பிள்கேங்கர் மான்ஸ்ட்ராசிட்டி (விசித்திர மிருகம்) வகை. அந்த மந்திரத்தின் பட்டியலில் அது இல்லை. சார்ம் (வசியம்) எதுவும் அதன் மேல் பலிக்காது. இதையும் ஒரு துப்பாகப் பயன்படுத்தலாம்: கஞ்சனிடமும் பலித்த சார்ம் பெர்சன், எளிதில் மசியும் மணியக்காரரிடம் மூன்று முறையும் வழுக்கிவிட்டது.

கேரக்டரை மாற்றி வைப்பது பற்றி. அந்த ஆட்டக்காரரிடம் தனியாகக் கேட்டு, அவர் முழு மனதோடு சரி என்றால் மட்டும். இல்லையென்றால் வேண்டவே வேண்டாம். மேசையில் நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்பாது. சரி என்றால் ஒரே ஒரு செஷன், உருமாறியை அவரே ஆடட்டும், அவருடைய நிஜக் கேரக்டர் குதிருக்குப் பின்னால் உயிரோடு இருக்கட்டும். இதில் பலர் மறக்கும் விதி ஒன்று உண்டு. முகம்தான் நகலாகும், திறமை நகலாகாது. விசார்டை (மந்திரவாதி) மாற்றி வைத்தால் முதல் சண்டையில் ஒரு மந்திரமும் வராது, உடனே மாட்டிக்கொள்ளும். ஃபைட்டரையோ (போர்வீரர்) ரோகையோ (திருடர்) தேர்ந்தெடுங்கள். எதிரியைத் தானே தனியாகத் துரத்திக்கொண்டு ஓடுவது, காயத்துக்கு மருந்து வேண்டாம் என்பது, காவல் முறையைத் தானே கேட்டு வாங்குவது என்று செய்ய வேண்டிய மூன்று காரியங்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

---

தொப்பூர்_கணவாய்:

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி. வில்லனோட வேலை முறை பத்தி மட்டும் சேர்க்கறேன்.

உருமாறி தானே கத்தி எடுக்கறது வீண். பழையனூர் நீலி கதையை எடுத்துக்கோங்க. வியாபாரிகிட்ட பேய் நெருங்க முடியாத கத்தி இருக்கு. நீலி சண்டை போடல. அவன் பொண்டாட்டி முகத்துல, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு சபைக்குப் போறா. குழந்தை அவனை "அப்பா"ங்குது. 70 வேளாளர் உயிரைப் பிணையா வெச்சு, கத்தியைக் கீழ வைக்கச் சொல்றாங்க. அவனை நிராயுதபாணியா ஆக்கினது நல்லவங்க. உங்க மணியக்காரரும் அதையே செய்யணும்: "விருந்தாளிங்க ஊருக்குள்ள ஆயுதத்தோட வரக்கூடாது, சாவடியில ஒப்படைங்க." நியாயமான உத்தரவு. ஆட்டக்காரங்க சந்தோஷமாக் கேப்பாங்க.

அடையாளம் காண்றதுக்கு தமயந்தியை விட நல்ல பாடம் கிடையாது. நாலு தேவர்கள் நளன் முகத்தோட உக்காந்திருக்காங்க. அவ முகத்தைப் பாக்கல. கண் இமைக்குதா, பாதம் மண்ணுல தோயுதா, மாலை வாடுதான்னு பாத்தா. அதே மாதிரி உங்க உருமாறிக்கு மாறாத ஒரு குணத்தை முடிவு பண்ணி, அது எந்த முகத்துல இருந்தாலும் வரச் செய்யுங்க. தண்ணியை அண்ணாந்து குடிக்காம சொம்புல வாய் வெச்சுக் குடிக்கறது போதும். மணியக்காரர், வண்டிக்காரன், சேலை கட்டின கிழவி மூணு பேரும் அப்படியே குடிக்கணும். முதல் ரெண்டு தடவை பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போயிடுங்க.

கடைசிச் சண்டையைத் துரத்தலா மாத்துங்க, 52 ஹெச்பி பிரச்சினை தீரும். உருமாற ஒரு ஆக்‌ஷன் போகும், அந்தச் சுற்றுல அடிக்கவோ டாஷ் (ரெண்டு மடங்கு தூரம் ஓடறது) பண்ணவோ முடியாது. அதனால சந்தை நாள், கூட்டம். முதல் சுற்று டாஷ், 60 அடி. ரெண்டாவது சுற்று புளி மூட்டை அடுக்குக்குப் பின்னால மறைஞ்சு உருமாற்றம். மூணாவது சுற்று கூட்டத்தோட கூட்டமா நடக்கும். ஆனா துணி மாறலையே! மணியக்காரரோட சரிகை வேட்டியைக் கட்டின பால்காரனை ஆட்டக்காரங்க தேடணும். ஒளிச்சு வெச்ச சாக்கை அவங்க முன்னாடியே எடுத்திருந்தா, உருமாறிக்குத் துணி மாத்த வழியே இல்ல. எடுக்கலைன்னா வேற துணிக்கு மாறிடும். அவங்க உழைப்புக்கு அங்க பலன் கிடைக்கும்.

பதுங்கித் தாக்கற இடத்துல கவனம். எதிராளி எதிர்பாக்காத நேரத்துல முதல் சுற்றுல அடிச்சா, அடிக்கு 3டி6 கூடுதல். ரெண்டு அடியும் பட்டா சராசரி 34. கான் 14 உள்ள 3ஆம் லெவல் விசார்டுக்கு 20 ஹெச்பிதான். ஒரே சுற்றுல விழுந்துடுவார். ஒரு தடவைக்கு மேல அதைச் செய்யாதீங்க, செய்யறப்ப கிளெரிக் 30 அடிக்குள்ள இருக்கட்டும்.

---

பாலக்கோடு_பகடை:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. "நாளைக்குக் காலையில வாங்க" ஒண்ணே ரெண்டு செஷனுக்குப் போதும். கேரக்டர் மாத்தறதை விட்டுடறேன், எங்க மேசைக்கு அது ஒத்து வராது. இன்னொண்ணு: இதை வேலைக்கு வெச்ச பெரிய வில்லனா டி அண்ட் டி விதியில வர்ற ராட்சசனைக் கொண்டு வரலாமா?

---

சாந்தூர்_தோப்பு:

வரலாம், ஆனால் இப்போது நேரில் வேண்டாம். அதன் சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு பலமான எதிரி என்ற அளவு) 13. விருப்பமில்லாவிட்டால் 6ஆம் நிலை வரையுள்ள எந்த மந்திரமும் அதைத் தொடவோ காட்டிக்கொடுக்கவோ முடியாது. 3ஆம் லெவல் கூட்டத்துக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. வெளியூர் மண்டிக்காரராக, ஒரே ஒரு காட்சியில் காட்டுங்கள். ராட்சசனின் உள்ளங்கை பின்பக்கம் திரும்பியிருக்கும். அது போடும் வேஷம் டிஸ்கைஸ் செல்ஃப், கண்ணைத்தான் ஏமாற்றும், தொட்டால் தெரியும். எனவே வெற்றிலை பாக்கைத் தட்டில் வைத்துத்தான் வாங்குவார், யார் கையிலிருந்தும் நேராக வாங்கமாட்டார். ஆட்டக்காரர்கள் 9, 10 லெவல் தாண்டிய பிறகு யாராவது அந்தத் தட்டை ஞாபகப்படுத்துவார்கள்.

---

அதியமான்கோட்டை:

ஒண்ணு விட்டுப்போச்சு. ஒரு தாள்ல ஒவ்வொரு நாளையும் காலை, மதியம், சாயங்காலம், ராத்திரின்னு நாலாப் பிரிச்சு, உருமாறி எங்க, எந்த முகத்துல, எந்தத் துணியில இருந்ததுன்னு செஷனுக்கு முன்னாடியே எழுதி வெச்சுடுங்க. ஆட்டக்காரங்க "நேத்து சாயங்காலம் மணியக்காரரை யார் பாத்தா?"ன்னு வீடு வீடாப் போவாங்க. அப்ப நீங்க அந்த இடத்துலயே யோசிச்சுச் சொன்னா ரெண்டு பதில் முட்டிக்கும், நிஜத் துப்பு எது, உங்க மறதி எதுன்னு அவங்களுக்குப் பிரிச்சுப் பாக்க முடியாமப் போயிடும். டாப்பிள்கேங்கர், ராட்சசன் ரெண்டோட விவரமும் 2023ல கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல வந்த 5.1 விதி ஆவணத்துல இலவசமாவே இருக்கு. அந்த ரெண்டு பக்கத்தை அச்செடுத்து, தாளோட சேர்த்துக் குத்தி வெச்சுக்கோங்க.