அப்பாவின் ராணுவ ஆவணங்களில் பெயர் மூன்று விதமாக இருக்கிறது, 1971 போர்ப் பதக்கங்கள் பதிவிலேயே இல்லை: எங்கிருந்து தொடங்குவது?

கம்பம்_காற்று

அப்பாவுக்கு வயது 80. மெட்ராஸ் ரெஜிமெண்டில் 1964 பிப்ரவரியில் சேர்ந்து 1982-ல் நாயக் ரேங்கில் ஓய்வு பெற்றவர், பென்ஷன் வருகிறது. பெயர்தான் குழப்பம். டிஸ்சார்ஜ் புக்கில் (பணியிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் பதிவுப் புத்தகம்) 'முத்துஸ்வாமி கே'. பிபிஓ-வில் (பென்ஷன் வழங்கும் ஆணை) இனிஷியல் இல்லாமல் 'முத்துசாமி'. ஆதாரிலும் பான் கார்டிலும் தாத்தா பெயரை விரித்து 'முத்துசாமி கருப்பையா'. (பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், சிக்கல் அப்படியேதான்.) அம்மா டிஸ்சார்ஜ் புக்கில் 'ராமாயி', ஆதாரில் 'ராமாயம்மாள்'. பிபிஓ-வில் அம்மா பெயரே கிடையாது.

பதக்கப் பக்கத்தில் சைன்ய சேவா மெடல், 9 வருட லாங் சர்வீஸ் மெடல் இரண்டு மட்டும் எழுதியிருக்கிறது. 1971 டிசம்பரில் அவருடைய பட்டாலியன் மேற்கு எல்லையில் இருந்ததாகச் சொல்கிறார். பெட்டியில் நான்கு மெடல் இருக்கின்றன, அதில் ஒன்று நட்சத்திர வடிவம்.

எல்லாவற்றையும் ஸ்பார்ஷ் (ராணுவப் பென்ஷனுக்கான இணையதளம்) வழியாகவே திருத்த முடியுமா? கெஜட் போட வேண்டுமா? பதக்கங்களைச் சேர்க்க யாருக்கு எழுதுவது?

---

முத்திரைத்தாள்

பெயர் மாற்றம் என்றால் முதலில் கெஜட்தான். நோட்டரி அஃபிடவிட், இரண்டு பேப்பரில் விளம்பரம், தமிழ்நாடு அரசிதழ். அது கையில் இருந்தால் எந்த ஆபீஸிலும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆதாரில் உள்ள பெயருக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

---

பார்ட்_டூ_ஆர்டர்

மேலே சொன்னதைச் செய்ய வேண்டாம். கெஜட் போட்டால் 'இவர் இப்போது புதுப் பெயர் வைத்துக்கொண்டார்' என்று ஆகிவிடும். உங்கள் அப்பா பெயர் மாற்றிக்கொள்ளவில்லை, குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துப்பிழைத் திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. முதலாவதற்குச் செலவு அநேகமாகக் கிடையாது. இரண்டாவதற்குப் போனால் வங்கி, ஸ்பார்ஷ், இசிஎச்எஸ் மருத்துவ கார்டு, நிலப் பத்திரம் என்று எல்லா இடத்திலும் புதுப் பெயரைக் கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

முதலில் எது மூலம், எது நகல் என்று தெரிய வேண்டும். வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக் மூலம் அல்ல. ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும் ஷீட் ரோல் என்ற பணிப் பதிவேடுதான் மூலம். சேர்ந்த நாள், தந்தை பெயர், ஊர், திருமணம், குழந்தைகள், போஸ்டிங், பதக்கம் எல்லாம் யூனிட் வெளியிட்ட பார்ட்-டூ ஆர்டர் (வீரரின் விவரங்களைப் பதிவுக்கு அறிவிக்கும் ஆணை) எண்ணோடு அதில்தான் ஏறும். டிஸ்சார்ஜ் புக் அதிலிருந்து கையால் எடுத்து எழுதியது. பிபிஓ, ரெக்கார்ட்ஸ் அனுப்பிய விவரத்தை வைத்து அலகாபாத்தில் (இப்போது பிரயாக்ராஜ்) பென்ஷன் கணக்கு அலுவலகம் தட்டச்சு செய்தது. ஸ்பார்ஷில் தெரிவது பழைய பிபிஓ-விலிருந்து ஏற்றப்பட்டது. ஆக, கடைசி நகலைத் திருத்தி மூலத்தை விட்டுவிட்டால், அடுத்த தடவை ரெக்கார்ட்ஸ் சரிபார்க்கும்போது தவறு திரும்பி வந்து நிற்கும்.

ஆகவே முதல் கடிதத்தில் எதையும் திருத்தச் சொல்லாதீர்கள். ஷீட் ரோலில் உள்ள பெயர், தந்தை பெயர், மனைவி பெயர், பதக்கப் பதிவுகள், 1965 முதல் 1973 வரை இருந்த இடங்கள், இவற்றின் சான்றிட்ட நகல் மட்டும் கேளுங்கள். உங்களுக்கு வசதி, மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்ட்ஸ் நீலகிரியில் வெலிங்டனிலேயே இருக்கிறது. (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஈஎம்ஈ செகந்திராபாத்.) சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். விண்ணப்பத்தில் கையெழுத்து அப்பாவுடையதாக இருக்கட்டும். மகன் போட்டால் மூன்றாம் நபரின் சொந்த விவரம் என்று திருப்பிவிடுவார்கள். கைநாட்டு என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள்.

ராணுவ எண்ணைப் பார்த்து எழுதுங்கள். எண்ணின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும், சரிபார்ப்புக்கான எழுத்து அது. பழைய புத்தகங்களில் இல்லாமலும் இருக்கலாம். பிபிஓ-வில் இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் ரெஜிமெண்டில் ஆளைக் கண்டுபிடிப்பது எண்ணை வைத்துத்தான்.

நகல் வந்ததும் உங்கள் வழி தெரிந்துவிடும். ஷீட் ரோலில் 'முத்துஸ்வாமி கே' என்றே இருந்தால் பிழை பிபிஓ-வில்தான். அப்பாவின் விண்ணப்பம், டிஸ்சார்ஜ் புக் நகல், பிபிஓ நகல், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதம், இவ்வளவு போதும். ரெக்கார்ட்ஸ் பிரயாக்ராஜுக்கு எழுதி கொரிஜெண்டம் பிபிஓ (பிழை திருத்திய ஆணை) வாங்கும். கெஜட் கேட்க இதில் நியாயமே இல்லை. ஷீட் ரோலிலேயே பிழை என்றால் கொஞ்சம் கடினம். சேர்வதற்கு முன்பே இருந்த ஆதாரம் கேட்பார்கள், பள்ளிச் சான்றிதழ் மாதிரி. 2012-ல் எடுத்த ஆதாரைக் காட்டி 1964 பதிவு தவறு என்று சொன்னால் எடுபடாது.

இனி 'கருப்பையா' விஷயம். இனிஷியல் என்பது தகப்பன் பெயர் என்பது நமக்குத் தெரியும், ஃபாரத்துக்குத் தெரியாது. பான் கார்டு முதற்பெயரிலும் கடைசிப் பெயரிலும் வெறும் எழுத்தை ஏற்காது, அதனால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. நல்லவேளையாக ஷீட் ரோலில் தந்தை பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. அங்கே 'கருப்பையா' என்று இருந்தால் 'கே' எதைக் குறிக்கிறது என்பதற்கு அதுவே சான்று. 'இரண்டு பெயரும் ஒருவரே' என்று முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் ஓர் அஃபிடவிட் எடுத்து வையுங்கள். நோட்டரி போட்டது சில இடங்களில் திரும்பி வருகிறது. ஆதாரும் பானும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன அல்லவா, அவற்றைத் தொடாதீர்கள். ஆதாரில் பெயர் திருத்த ஆயுளுக்கு இரண்டு வாய்ப்புத்தான், 80 வயதில் அதை வீணாக்க வேண்டாம்.

உண்மையில் அவசரம் அப்பா பெயரில் இல்லை, அம்மா பெயரில் இருக்கிறது. அப்பா காலத்துக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போது 'ராமாயி யார், ராமாயம்மாள் யார்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அப்பா இருக்க மாட்டார். இப்போதே அவர் கையெழுத்தில் விண்ணப்பம், நடுவர் முன் அஃபிடவிட், இருவரும் சேர்ந்த புகைப்படம், அம்மாவின் ஆதார் எல்லாம் வைத்து, பிபிஓ-வில் அம்மா பெயரை ஏற்றும் கூட்டு அறிவிப்புக்கு விண்ணப்பியுங்கள். அந்தக் காலத்து பிபிஓ-க்களில் மனைவி பெயர் இல்லாதது சகஜம். அம்மாவுக்கு எளிய வழி இன்னொன்றும் உண்டு. அவர் பெயரில் பான், சொத்து என்று எதுவும் இல்லையென்றால், ஆதாரை 'ராமாயி' என்று ஷீட் ரோலுக்கு இணங்கத் திருத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

---

விளிம்பெழுத்து

பெயருக்கு மேலே சொன்னது சரி. பதக்கம் பற்றி நான் சொல்கிறேன்.

பெட்டியில் இருக்கும் நான்கையும் வெயிலில் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பாருங்கள். அரசு வழங்கிய பதக்கமானால் எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். நட்சத்திரம் என்றால் பின்புறத்தையும் பாருங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், இருப்பதும் போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து போட்டோ எடுங்கள். விளிம்பு மொட்டையாக இருந்தால் அது கன்டோன்மென்ட் கடையில் வாங்கிய நகலாக இருக்கலாம், சான்றாகாது.

பெயரும் எண்ணும் இருந்தால் பதக்கம் கிடைத்துவிட்டது, பதிவுதான் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இது நடந்த விதம் ஊகிக்கக்கூடியதே. 71-க்கான பதக்கங்கள் போர் முடிந்த மறுநாள் வரவில்லை. வருவதற்குள் ஆள் வேறு யூனிட்டுக்குப் போயிருப்பார். பதக்கம் பின்னாலேயே போய்ச் சேரும், பார்ட்-டூ ஆர்டர் பழைய யூனிட்டிலேயே நின்றுவிடும்.

1964 முதல் 1982 வரை இருந்தவருக்கு எவை பொருந்தலாம் என்று பார்ப்போம். 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்த எல்லோருக்கும் சுதந்திர 25-ஆம் ஆண்டுப் பதக்கம் உண்டு, இதில் வாதத்துக்கே இடமில்லை. 71 போருக்கு மேற்கில் பஸ்சிமி ஸ்டார், கிழக்கில் பூர்வி ஸ்டார். நட்சத்திர வடிவில் இருப்பது அநேகமாக பஸ்சிமி. சங்க்ராம் மெடல் தனி, வட்டமானது. அதன் காலவரம்பு 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை, எல்லை மாநிலங்களில் பணி. 1965-க்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் இரண்டு. உங்கள் அப்பா அப்போது சேர்ந்து ஒன்றரை வருடம்தான், பயிற்சி முடிந்து எங்கே இருந்தார் என்பதைப் பொறுத்தது. ஷீட் ரோலின் போஸ்டிங் பதிவைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். கிடைக்காத ஒன்றையும் சேர்த்துக் கேட்டால் மொத்தக் கோப்பும் நின்றுவிடும்.

விண்ணப்பத்தில் 'எல்லாப் பதக்கங்களையும் பதிவு செய்க' என்று எழுதினால் 'பதிவின்படி வேறு எதுவும் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பதக்கத்தின் பெயர், எந்தத் தேதியில் எந்த பட்டாலியனில் எங்கே இருந்தார், எந்தப் பக்கத்தில் அந்தப் பதிவு இருக்கிறது, விளிம்புப் படம் எது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். போஸ்டிங் பதிவிலும் தெளிவில்லை என்றால் 1971 டிசம்பரில் பட்டாலியன் இருந்த பகுதிக்கு ரெஜிமெண்டல் சென்டரின் சான்று கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் புக்கில் நீங்களாகப் பேனா வைக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் அதிகாரியின் சுருக்கொப்பமும் முத்திரையும் இருக்கும். அவை இல்லாமல் ஒரு வரி இருந்தாலும் புத்தகம் முழுவதற்கும் சந்தேகம் வந்துவிடும். நீல மையில் மகன் எழுதிய 'சங்க்ராம் மெடல்' அம்மாவின் ஓய்வூதியத்துக்கே தடையாக வந்து நிற்கலாம்.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம்: இந்தப் பதக்கங்களால் பென்ஷன் ஒரு ரூபாயும் கூடாது. வீர விருதுகளுக்குத்தான் மாதாந்திரத் தொகை.

---

ஓரம்போ

இடையில் ஒரு கேள்வி. சித்தப்பா டிஸ்சார்ஜ் புக்கில் 'சேனா மெடல்' என்று மட்டும் இருக்கிறது. வீரத்துக்கானது என்று எழுதவில்லை. தொகை கிடைக்குமா?

---

பார்ட்_டூ_ஆர்டர்

சேனா மெடல் வீரத்துக்கும் உண்டு, சிறந்த சேவைக்கும் உண்டு. தொகை வீரத்துக்கு மட்டும். புத்தகத்தில் பிரித்து எழுதாவிட்டாலும் இந்திய அரசிதழ் அறிவிப்பும் விருதுக்கான குறிப்புரையும் பேசும். குடியரசுத் தலைவர் செயலகத்தின் அறிவிப்பு அரசிதழின் முதல் பகுதியில் வரும், மத்திய அரசிதழ் இணையதளத்தில் பழைய இதழ்களைத் தேடலாம். அறிவிப்பு எண், தேதி இரண்டையும் எடுத்து ரெக்கார்ட்ஸுக்கு எழுதச் சொல்லுங்கள். தளபதியின் பாராட்டு அட்டை அரசிதழில் வராது, அதற்குத் தொகையும் கிடையாது.

---

கம்பம்_காற்று

எல்லோருக்கும் நன்றி. மூன்றில் எண்ணும் பெயரும் தெரிகின்றன, நான்காவது மொட்டை. பொறித்த பெயர் 'முத்துஸ்வாமி கே'. இரண்டு சந்தேகம். அசல் டிஸ்சார்ஜ் புக்கை அனுப்பச் சொன்னால் தபாலில் அனுப்பலாமா? ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தால் என்ன செய்வது?

---

பார்ட்_டூ_ஆர்டர்

பொறித்த பெயர் டிஸ்சார்ஜ் புக்கோடு ஒத்துப்போகிறது என்றால் பிழை பிபிஓ-வில்தான் என்பது கிட்டத்தட்ட உறுதி. அந்தப் படத்தைப் பெயர்த் திருத்த மனுவோடும் இணையுங்கள். ஒரே படம் இரண்டு கோப்புக்கும் உதவும்.

அசலை முதல் தடவை அனுப்பாதீர்கள், சான்றிட்ட நகல் மட்டும். பதக்கத்தைப் புத்தகத்தில் ஏற்ற அசல் வேண்டும் என்று எழுத்தில் கேட்டால், வெலிங்டன் தமிழ்நாட்டுக்குள்தானே இருக்கிறது, நேரில் கொண்டு போய்க் கொடுத்து ரசீது வாங்குங்கள். போகும் முன் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல், கலரில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அழிக்கப்பட்டது என்ற பதில் பெரும்பாலும் பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கு வருவது. அவர்களுடைய ஆவணங்களை 25 ஆண்டுதான் வைத்திருப்பார்கள். பென்ஷனருக்கு அதைவிட அதிக காலம். அப்படியே வந்தாலும் லாங் ரோல் என்ற நிரந்தரப் பேரேடு உண்டு, அதன் பகர்ப்பைக் கேளுங்கள். மறுப்பு வந்தால் காரணத்தோடு எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவதானால் இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், எழுத்தில் உத்தரவு இல்லாவிட்டால் அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதே வழக்காகிவிடும்.

---

விளிம்பெழுத்து

மொட்டையாக இருக்கும் நான்காவதை மனுவில் குறிப்பிட வேண்டாம். அது எந்தப் பதக்கம் என்று ரிப்பன் நிறத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள். அப்பாவுக்கு உரியதுதான் என்றால், போஸ்டிங் பதிவை மட்டும் வைத்துத் தனியாகக் கேளுங்கள்.