பீபாப் காலம்: பன்னிரண்டு வினாடி கிடைத்த பியானோக்காரர்கள்

கருந்தட்டு:

1940களில் உருவான ஜாஸ் பாணி பீபாப். பீபாப் பியானோ என்றால் பட் பவல், தெலோனியஸ் மங்க் என்ற இரண்டு பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் வாசிப்பில் குறைந்தவர்கள் என்பது காரணமில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் அவர்களுக்கு இடமே இருக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம், அதாவது 180 வினாடி. நிமிடத்துக்கு 240 பீட் வேகம் என்று வைத்துக்கொண்டால், நாலு பீட் சேர்ந்த ஒரு பார் ஒரு வினாடியில் போய்விடும். 32 பார் கொண்ட ஒரு சுற்றுக்கு 32 வினாடி. முன்னிசை 8 பார். மெட்டு தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, அது 64. ஆல்ட்டோ சாக்ஸ், ட்ரம்பெட், டெனார் சாக்ஸ் ஆளுக்கு ஒரு சுற்று எடுத்தால் 96. கூட்டினால் 168 வினாடி. பியானோவுக்கு மிச்சம் 12.

அதனால் இவர்களைக் கேட்கும்போது ஸோலோவை மட்டும் தேடாதீர்கள். முன்னிசையைக் கேளுங்கள், சாக்ஸுக்குப் பின்னால் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) எங்கே விழுகிறது என்று கவனியுங்கள், முக்கியமாக மாற்று டேக்குகளை, அதாவது அதே பாடலை மறுபடி வாசித்த பதிவுகளைக் கேளுங்கள்.

காலமும் அவர்களுக்கு உதவவில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவை நிறுத்தி வைத்தது. தட்டு நிறுவனங்களில் டெக்கா 1943இல் உடன்பாட்டுக்கு வந்தது, விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை வரவில்லை. பீபாப் உருவான மாதங்கள் பெரும்பாலும் பதிவாகாமல் போனது இப்படித்தான். பியானோக்காரர் கிளைட் ஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 செப்டம்பரில் டைனி கிரைம்ஸ் குழுவில் ஆல்ட்டோ சாக்ஸ்காரர் சார்லி பார்க்கரோடு சவாய் நிறுவனத்துக்கு வாசித்தார். 1945 பிப்ரவரி 28இல் ட்ரம்பெட்காரர் டிஸி கில்லெஸ்பியோடு ‘குரூவின் ஹை’ பதிவில் இருந்தார். மார்ச் 19இல் காசநோயால் இறந்துவிட்டார். மே 11இல் ‘ஷா நஃப்’ பதிவானபோது அந்த நாற்காலியில் அல் ஹேக் இருந்தார்.

எட்டாம்பார்:

முன்னிசை என்றீர்களே, அதற்கு டோடோ மார்மரோசாதான் சரியான பாடம். பிட்ஸ்பர்க்காரர், 1925இல் பிறந்தவர். 1946 மார்ச் 28இல் ஹாலிவுட்டில் பார்க்கர் டயல் நிறுவனத்துக்கு முதன்முதலாகத் தலைமையேற்றுப் பதிவுசெய்த நாளில் பியானோ இவருடையது. ‘மூஸ் தி மூச்’, ‘யார்ட்பேர்ட் ஸ்வீட்’, ‘ஆர்னிதாலஜி’, ‘எ நைட் இன் டுனீசியா’ என நான்கு பாடல். எல்லாரும் பார்க்கரையும் இளம் மைல்ஸ் டேவிஸையும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கேட்கும் முறை இது. முதலில் 1947 பிப்ரவரி 26இல் பதிவான ‘ரிலாக்ஸின் அட் கமரிய்யோ’வை எடுங்கள். 12 பார் புளூஸ், சி சுருதி. நான்கு டேக் மிஞ்சியிருக்கின்றன. நான்கையும் வரிசையாகப் போட்டு, முதல் முறை பியானோ தொடங்கிவைப்பதை மட்டும் கேளுங்கள். இரண்டாம் முறை டிரம்பெட்டும் சாக்ஸும் ஓயும் இடத்தில் பியானோ நுழைவதைக் கேளுங்கள். பார்க்கரின் மெட்டு பீட்டைத் தாண்டித் தாண்டி விழும். அதற்கு முன் கேட்பவரின் காதில் தாளம் ஊன்றவில்லையென்றால் மெட்டு முழுவதும் குழம்பிப்போகும். அந்த ஊன்றலைப் பியானோதான் செய்கிறது.

அடுத்து 1947 டிசம்பர் 3 ட்ரியோ (மூவர் குழு) பதிவு. ஹாரி பாபாசின் செல்லோவை வில் இல்லாமல் விரலால் மீட்டுகிறார், ஜாக்கி மில்ஸ் டிரம்ஸ். செல்லோவின் நாதம் பாஸைவிட மேலே நிற்கும். அடியில் இடம் காலியாகிவிடுவதால் மார்மரோசாவின் இடது கை மறைய வழியில்லை. ‘பாப்மேட்டிசம்’, ‘டோடோஸ் டான்ஸ்’ இரண்டும் போதும்.

‘மெல்லோ மூட்’ 1946இல் அட்டாமிக் நிறுவனத்துக்கு ஒருமுறை, 1961இல் ஆர்கோவின் ‘டோடோஸ் பேக்!’ எல்பியில் (33⅓ சுழற்சி நெடுந்தட்டு) இன்னொருமுறை பதிவானது. நடுவில் 15 ஆண்டு, பெரும்பகுதி மௌனம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தொடுகை அப்படியே இருப்பது தெரியும். வாக்கியங்களுக்கு இடையில் விடும் மூச்சு மட்டும் கூடியிருக்கிறது.

இடக்கை:

எல்மோ ஹோப் பற்றி யாரும் தொடவில்லையே. பட் பவலின் பால்ய நண்பர், 1923இல் நியூயார்க்கில் பிறந்து 1967இல் இறந்தவர். பவலின் நகல் என்று ஒதுக்கிவிடுவது பெரிய அநியாயம். பவலின் வலது கை ஒரே ஓட்டமாக ஓடும். ஹோப்பின் வாக்கியம் நடுவில் முறியும், எதிர்பாராத உள் சுரத்தில் போய் உட்காரும். கார்டின் அடிச்சுரத்தை விட்டுவிட்டு நடுச்சுரங்களை நெருக்கி வைப்பார். மெட்டை முதல்முறை கேட்கும்போது ஏதோ தவறிவிட்டது போல ஒலிப்பது இதனால்தான். மூன்றாம் முறை கேட்கும்போது அந்தச் சுரம் இல்லாமல் மெட்டு நிற்காது என்று புரியும்.

‘கார்வின் தி ராக்’ என்ற ஒரே மெட்டிலிருந்து தொடங்கலாம். 1953 ஜூன் 9இல் லூ டொனால்ட்சன், கிளிஃபர்ட் பிரவுன் குழுவோடு ஒருமுறை. ஒன்பது நாள் கழித்து, ஜூன் 18இல், பெர்சி ஹீத், ஃபில்லி ஜோ ஜோன்ஸோடு ட்ரியோவாக இன்னொருமுறை. குழுவில் ட்ரம்பெட்டும் ஆல்ட்டோவும் மேல்வரியைப் பிடித்துக்கொள்ள, பியானோ அடியில் மறைந்திருக்கும். ட்ரியோவில் அந்த வரியையும் அதன் அடியையும் ஒரே ஆள் சுமக்கிறார். எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று ஒப்பிட இதைவிட நல்ல இணை கிடைக்காது. ட்ரியோவையும் 1954 மே 9 குயின்டெட்டையும் (ஐவர் குழு) புளூ நோட் நிறுவனம் பின்னர் ஒரே சிடியில் தந்தது.

அவர் கவனிக்கப்படாமல் போனதற்குக் காரணம் இசைக்கு வெளியே இருக்கிறது. 1967 வரை நியூயார்க்கில் மது விற்கும் கிளப்பில் வாசிக்க காவல்துறை தரும் கபரே அட்டை வேண்டியிருந்தது. போதைப்பொருள் வழக்கில் சிக்கியவரிடமிருந்து அது பறிபோனது. அட்டை போனால் ஊரில் தினசரி வேலை போயிற்று. ஸ்டூடியோவுக்கு அட்டை தேவைப்படவில்லை என்பதால் பதிவு மட்டும் எப்போதாவது நடந்தது. ஹோப் 1957இல் லாஸ் ஏஞ்சலஸ் போனார். இழப்பு நியூயார்க்குக்குத்தான். 1959 பிப்ரவரியில் ஜிம்மி பாண்ட், ஃபிராங்க் பட்லரோடு செய்த ட்ரியோ எல்பி அவருடைய ஆகச் சிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெனார் சாக்ஸ்காரர் ஹெரால்ட் லேண்டின் ‘தி ஃபாக்ஸ்’ எல்பி. ஆறு பாடலில் நான்கு ஹோப் எழுதியவை. ‘மிரர்-மைண்ட் ரோஸ்’ மெதுவான மெட்டு, அதிலிருந்து நுழையுங்கள். தலைப்புப் பாடலின் வேகத்தில் முதலில் இறங்கினால் பியானோ காதில் நிற்காது.

கருந்தட்டு:

கபரே அட்டை விஷயம் சரி. பியானோக்காரர் ஹெர்பி நிக்கல்ஸுக்கு அந்தத் தடையும் இல்லை, ஆனாலும் பிழைப்புக்குப் பழைய பாணி ஜாஸ் வாசிக்கும் டிக்ஸிலேண்ட் குழுக்களில்தான் வாசிக்க வேண்டியிருந்தது. ‘லேடி சிங்ஸ் தி புளூஸ்’ மெட்டு இவருடையது. ‘செரனேட்’ என்று பெயரிட்டு வைத்திருந்ததற்கு பில்லி ஹாலிடே வரிகள் எழுதினார். பாட்டு உலகம் அறிந்தது, மெட்டுக்காரர் பெயர் அறியப்படவில்லை.

புளூ நோட்டுக்கு மொத்தம் ஐந்து நாள் பதிவு: 1955 மே 6, 13 (பாஸ் அல் மெக்கிபன், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி), ஆகஸ்ட் 1, 7 (மெக்கிபன், மேக்ஸ் ரோச்), 1956 ஏப்ரல் 19 (டெடி கோட்டிக், ரோச்). பிறகு 1957 நவம்பரில் பெத்லஹேம் நிறுவனத்துக்கு ஓர் எல்பி. 1963இல் ரத்தப் புற்றுநோயில் இறந்தபோது வயது 44.

இவரைக் கேட்க ஒரு வழி: பியானோவை விட்டுவிட்டு டிரம்ஸைப் பின்தொடருங்கள். மெட்டிலேயே டிரம்ஸ் பதில் சொல்ல இடம் விட்டு எழுதுவார். பிளேக்கி அந்த இடத்தை உருட்டி நிரப்புவார், ரோச் மெட்டைத் திருப்பிச் சொல்வார். ஸோலோவிலும் நிக்கல்ஸ் மெட்டின் துண்டைக் கைவிடுவதில்லை. வெறும் கார்டு வரிசையின் மேல் ஓடும் ஸோலோவைத் தேடுகிறவருக்கு ‘திரும்பத் திரும்ப ஒரே இடம்’ என்று தோன்றுவது இதனால். ‘தி கிக்’ கேட்கும்போது ஒரு சுற்றுக்கு 32 பார் என்று எண்ணி உட்காராதீர்கள், சுற்று எங்கே முடிந்தது என்று தொலைந்துவிடும். ‘ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்’ எளிய வாசல்.

ஊசிமுனை:

தட்டு வாங்கிக் கேட்பவர்களுக்கு. பியானோதான் பழைய பதிவின் குறையை முதலில் காட்டிக்கொடுக்கும். சாக்ஸில் அதிர்வு உண்டு, சிறு தள்ளாட்டம் அதில் கரைந்துவிடும். பியானோ நாதம் அசையாமல் நிற்க வேண்டியது. நடுத்துளை மையம் விலகியிருந்தால் 33⅓ எல்பியில் 1.8 வினாடிக்கு ஒருமுறை நீண்ட சுரம் அலையும், 78இல் 0.77 வினாடிக்கு ஒருமுறை. மெதுவான பாடலின் கடைசி கார்டைக் கேட்டால் போதும், தெரிந்துவிடும்.

78க்கு 3 மில் (சுமார் 75 மைக்ரான்) ஊசி, மோனோ எல்பிக்கு 1 மில் (25 மைக்ரான்). எல்பி ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் இருக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு போகும். அந்த இரைச்சலில் இடது கை மூழ்கிவிடும். மோனோ தட்டுக்கு ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். செங்குத்து அசைவில் வரும் இரைச்சல் பெருமளவு அடங்கும்.

1954க்கு முந்தைய எல்பிகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு சமனாக்க வளைவு, அதாவது உயர்ந்த ஒலியைக் கூட்டி, தாழ்ந்த ஒலியைக் குறைத்துத் தட்டில் வெட்டும் அளவு. ஏஇஎஸ் என்ற பழைய வளைவில் வெட்டிய தட்டை, பின்னர் பொதுவான ஆர்ஐஏஏ வளைவுக்கான ப்ரீஆம்ப்பில் போட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் 1.7 டெசிபல் குறையும், அடியும் கொஞ்சம் கனக்கும். ட்ரெபிளை (உயர்ந்த ஒலி) சற்று ஏற்றி பேஸை (தாழ்ந்த ஒலி) சற்று இறக்கினால் போதும்.

வேகமும் சரிபாருங்கள். அரைச் சுரம் ஏறினால் வேகம் 6 விழுக்காடு கூடியிருக்கிறது, 180 வினாடிப் பாடல் 170இல் முடியும். ‘ஆர்னிதாலஜி’ ஜி சுருதி. ஏ-ஃபிளாட்டில் ஒலித்தால் பிசகு மறுபதிப்பில். வீட்டிலும் கிளப்பிலும் எடுத்த டேப்புகளில் இது சகஜம்.

எட்டாம்பார்:

வீட்டு டேப் என்றதும் நினைவுக்கு வரும் பியானோக்காரர் ஜோ அல்பனி. 1946இல் டெனார் சாக்ஸ்காரர் லெஸ்டர் யங்கோடு அலாடின் நிறுவனத்துக்கு வாசித்தவர். 1970கள் வரை அவர் பெயரில் வெளிவந்த ஒரே எல்பி ‘தி ரைட் காம்பினேஷன்’. 1957இல் வார்ன் மார்ஷ் (டெனார் சாக்ஸ்), பாப் விட்லாக்கோடு (பாஸ்) ஒரு வீட்டில் நடந்த ஒத்திகையின் டேப் அது. வெளியிடும் நோக்கத்தில் வாசித்ததல்ல, ‘தி நியர்னஸ் ஆஃப் யூ’ முடிவதற்கு முன்பே தேய்ந்துவிடுகிறது. ஒலித்தரம் பார்த்து ஒதுக்காதீர்கள். இங்கே 3 நிமிடக் கணக்கு இல்லை. அல்பனி சுற்றுக்கு மேல் சுற்று எடுக்கிறார், பார் கோட்டைத் தாண்டி வாக்கியத்தை இழுத்துக்கொண்டே போய் இரண்டு பார் தள்ளி இறக்குகிறார். ஹெட்ஃபோன் போட்டு, ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்துக் கேளுங்கள். டேப் இரைச்சல் பின்னால் போய்விடும்.